இரண்டு முதல் மூன்று வரை

14.11.95, செவ்வாய்

மழை. ரெஜினா அக்காவைப் படுக்கப் போட்டது எங்கள் குப்பத்துக் குழாய்த் தண்ணீர். தேவ சித்தம் இல்லை. சாக்கடை கலப்பது எல்லோருக்கும் தெரியும். குடிப்பது நாங்கள் மட்டும் என்பதால் யாருக்கும் அவசரம் இல்லை.

மஞ்சள் காமாலை. கல்லீரல் பாதி போய்விட்டதாக டாக்டர்.

கோயிலில் அவளுக்காகத் தொடர் ஜெபம். ஒன்பது நாள், காலை ஆறு முதல் மாலை ஆறு. மரச்சிலுவையைக் கையில் பிடித்து உட்கார வேண்டும். அடுத்த ஆள் வந்து வாங்கும்வரை எழுந்திருக்கக் கூடாது. சுவரில் அட்டவணை. 2-3 மட்டும் காலி. எல்லோரும் சாப்பிட்டுத் தூங்கும் நேரம்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அக்கா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "அந்த ரெண்டு மணி உன்து, நைனா. கை மாத்தாம எழுந்திருக்க மாட்டேன்னு சொல்லு."

"எனக்குத்தான் நம்பிக்கை இல்லியே."

"இல்லாதவன்தான்டா உக்காரணும். இருக்கிறவன் நடந்துக்கினே வேண்டிப்பான்."

அம்மா போனபின் மீன் கூடை தூக்கி என்னைப் படிக்கவைத்தவள். சரி என்றேன்.

15.11, புதன்

மந்தைவெளி டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் காலை பேட்ச் எடுத்தேன். மூன்று மெஷினுக்கு ரிப்பன் மாற்ற வேண்டும்.

1.55 கோயில். எனக்கு முந்தைய மணி அடையாறு பங்களா அம்மாவுடையது. அட்டவணையில் கையெழுத்து அவருடையது. உட்கார்ந்திருந்தது அவர் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் பாக்கியம். நெற்றியில் திருநீறு.

"இங்க எப்படி நீ?"

"அம்மா போய் உக்காருன்னுச்சு. நமக்கு இன்னா, எல்லாம் சாமிதான். ஃபேன் வேற கீது."

சிலுவை அவள் வியர்வையில் ஈரம். ஒரு மணி நேரமும் பேப்பரில் வேலைவாய்ப்புப் பக்கம் படித்தேன். மூன்றுக்கு பிலோமினா அக்கா. அக்காவோடு மீன் விற்பவள். அதுவரை ஆஸ்பத்திரியில் அக்கா பக்கத்தில் இருப்பாள். மூன்றிலிருந்து ஐந்துவரை அவள் இங்கே, நான் அங்கே.

அட்டவணையில் 'ஜெபித்தேன்' கட்டத்தில் டிக். பொய்.

அக்கா: "இன்னா கேட்ட ஆண்டவர்கிட்ட?"

"உன் கல்லீரல்."

"உனுக்கு ஒண்ணும் கேக்கலியா? பைத்தியம்."

17.11, வெள்ளி

வாங்க: ரிப்பன் 3, குளுகோஸ், அக்காவுக்குத் துண்டு.

நேற்றும் டிக், இன்றும் டிக். நேற்று கிரிக்கெட் பக்கம், இன்று சினிமா. அக்காவுக்கு வயிறு உப்பிவிட்டது. பேச்சு குழறுகிறது.

18.11, சனி

மூன்றுக்கு பிலோமினா அக்கா வரவில்லை. பஸ் கிடைக்கவில்லை என்று நினைத்தேன். பேப்பர் மழையில் நனைந்து ஒட்டிக்கொண்டுவிட்டது. போய்விடலாம், யார் பார்க்கிறார்கள்? சிலுவையை பெஞ்சில் வைத்தேன். திரும்ப எடுத்தேன். அக்காவுக்குச் சொன்ன வார்த்தை.

மூன்றரைக்கு வாய் திறந்தது. சின்ன வயதில் படித்த ஜெபம் ஒன்றும் வரவில்லை. "அவள விட்டுடு" என்றேன். சத்தமாக. பத்து தடவை, இருபது. எப்போதோ "விட்டுடுங்க" என்று ஆகியிருந்தது. யாரோ கேட்டுக்கொண்டிருந்தார்கள். சுவர் இருப்பதுபோல அது நிச்சயம். அழுதேன். இருபத்து மூன்று வயதில் முதல் தடவை ஒருவரிடம் கெஞ்சினேன்.

நாலே முக்காலுக்கு பிலோமினா அக்கா. முழுக்க நனைந்து. சிலுவையை நீட்டினேன். வாங்கவில்லை.

"மூணு பத்துக்குப் பூட்டாடா."

"என்னைக் கூப்பிட ஆள் அனுப்பலியா?"

"அனுப்பத்தான் பாத்தேன். தம்பி எங்கன்னு கேட்டா. கோயில்ல உக்காந்துக்கினு கீறான்னேன். எழுப்பாதீங்கன்னா. சிரிச்சுக்கினே சொன்னாடா."

20.11, திங்கள்

நேற்று அடக்கம். ஃபாதர் பிரசங்கத்தில் தேவ சித்தம் நாலு தடவை. பங்களா அம்மா மாலை அனுப்பினார். பாக்கியம்தான் கொண்டுவந்தாள், பாக்கியம்தான் அழுதாள். குழாயில் இன்று காலையும் அதே நாற்றம்.

கோயிலில் அட்டவணையைக் கிழித்துவிட்டார்கள். சிலுவை மட்டும் பெஞ்சில். எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நம்பிக்கை இல்லை என்று இனி சொல்ல முடியாது. அதுதான் கொடுமை. கேட்க யாரும் இல்லையென்றால் வீட்டுக்குப் போய்ப் படுத்திருப்பேன்.

மூன்று பத்துக்கு அவள் இல்லை. மூன்றரைக்கு நான் கேட்டேன். ஆண்டவரே, நீங்கள் இங்கே இருந்தீர்கள். செத்தவளை விட்டுவிடச் சொல்லி ஒன்றேகால் மணி நேரம் கெஞ்சினேனே, எதற்காக என்னைக் கெஞ்சவிட்டீர்கள்?

கை மாற்ற ஆள் இல்லை. சொல்லுங்கள். சொல்லும்வரை எழுந்திருக்க மாட்டேன்.

மணி நாலே முக்கால். சொல்லுங்கள்.