மாமா ஏன் வருவதில்லை

அன்புள்ள சின்னுவுக்கு, அம்மா எழுதுவது.

நானும் அப்பாவும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், இந்த வயதில் அதற்குப் பெயர்தான் சுகம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல் இருந்தால் எனக்கு அது போதும். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் ரவுடி மாதிரி உலாவுகிறார், சொட்டு மருந்து விடும்போது மட்டும் பச்சைக் குழந்தை. ஆஸ்பத்திரிக்கு மாமா வந்தாரா என்று போனில் இரண்டு தடவை கேட்டாய், நான் பேச்சை மாற்றினேன். வரவில்லை. நான்கு மாதமாக நம் வீட்டுப் பக்கமே வருவதில்லை. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, எழுதினாலாவது வருமா என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் இன்சூரன்ஸ் கம்பெனியில் மாமாவுக்கு ஏஜென்சி வாங்கிக் கொடுத்தது நான்தான். கடை நொடித்துப்போய்ச் சும்மா இருந்தவன், பேச்சுக்குக் குறைவில்லாதவன், எப்படியோ காலூன்றிவிட்டான். போன வருடக் கடைசியில் ஒரு ஃபைல் என் மேஜைக்கு வந்தது. ஒரு வெல்டர், பாலிசி எடுத்து ஒன்றே முக்கால் வருடத்தில் நுரையீரல் கெட்டு இறந்துவிட்டார். அவ்வளவு சீக்கிரம் இறந்தால் எங்களில் ஒருவர் நேரில் போய் விசாரித்து எழுத வேண்டும், அதன் பிறகுதான் பணம். ஏஜென்ட் கையெழுத்து இருக்கும் இடத்தில் உன் மாமா. இது என் தம்பி பிடித்த பாலிசி, வேறு யாரையாவது அனுப்புங்கள் என்று அப்போதே மேனேஜரிடம் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். நாமே போய்ச் சத்தமில்லாமல் முடித்துவிடலாம் என்று வைத்துக்கொண்டேன். அந்தத் தப்பு முழுக்க என்னுடையது.

பட்டறைக்கு மேலே இரண்டு அறை, ஜன்னல் வழியாகக் கருகின இரும்பு வாடை. வெல்டரின் மனைவி நாற்காலியைத் துடைத்துப் போட்டார், நான் கேட்பதற்கு முன்பே பீரோ மேலிருந்து எக்ஸ்ரே உறைகளை எடுத்து வந்து என் மடியில் வைத்தார், மூன்று வருடத்து உறைகள். பாலிசி எடுக்கும்போது இதையெல்லாம் சொன்னீர்களா என்றேன்.

"சொல்லாம என்னம்மா, ஏஜென்ட் சார் கையிலயே குடுத்தோம். இதை எழுதினா பாலிசி கிடைக்காது, கையெழுத்து மட்டும் போடுங்க, மத்ததை நான் பாத்துக்கறேன்னாரு. நல்ல மனுஷன்" என்றார்.

விண்ணப்பத்தில் நுரையீரல் நோய் உண்டா என்ற கேள்விக்கு நேரே 'இல்லை' என்று எழுதியிருந்தது. அது யார் எழுத்து என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டாம், சிலேட்டில் கைபிடித்து எழுதப் பழக்கினவள் நான். நீயும் அங்கே எந்தக் காகிதத்தில் கையெழுத்துக் கேட்டாலும் முழுக்கப் படித்துவிட்டுப் போடு, சோம்பல்படாதே.

மாமாவைக் கூப்பிட்டுக் கேட்டேன், மழுப்பவில்லை. நோய் இருந்தது என்று மட்டும் எழுதினால் அந்த அம்மாவுக்கு ஒன்றும் கிடைக்காது, எக்ஸ்ரே எதையும் பார்க்கவில்லை என்று எழுதிவிடு, அவர்களுக்கும் பணம் வரும், என் ஏஜென்சியும் தப்பும் என்றான். "யாருக்குக்கா நஷ்டம்? அரசாங்கக் கம்பெனிதானே." சின்னு, எனக்கே அது நியாயமாகத்தான் பட்டது. ஒரு வாரம் பேனாவைத் திறக்கவில்லை. பிறகு ரெக்கார்டு அறைக்குப் போய் அவன் பிடித்த மற்ற பாலிசிகளை எடுத்துப் பார்த்தேன். அத்தனையிலும் எல்லாக் கேள்விக்கும் 'இல்லை'. ஆயுளில் ஒரு தும்மல்கூடப் போடாத ஜனங்கள். இவர்கள் ஒவ்வொருவராகப் போகும்போது பொய் எழுதிக் காப்பாற்ற எத்தனை அக்கா வருவார்கள்? அதே அறையின் கோடியில் பழைய தனியார் கம்பெனிகளின் கட்டுகள் இன்னும் கிடக்கின்றன. தவணை வாங்கும்போது பல்லைக் காட்டி, ஆள் செத்ததும் கையை விரித்த கம்பெனிகள், அதனால்தான் அரசாங்கம் எல்லாவற்றையும் எடுத்து ஒன்றாக்கியது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இரண்டு வருடம் அந்தக் கட்டுகளைப் பிரித்து எங்கள் பதிவேட்டில் ஏற்றியிருக்கிறேன். பாதிக் கட்டுகளில் சிவப்பு மையில் ஒரே வரி, 'நோயை மறைத்தார், தொகை இல்லை.' மறைத்தது யார் என்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

நடந்ததை நடந்தபடி எழுதினேன். நோய் இருந்தது, அவர்கள் சொன்னார்கள், மறைத்தது எங்கள் ஏஜென்ட், அவன் என் தம்பி, இந்த ஃபைலை நான் தொட்டிருக்கவே கூடாது. அனுப்புவதற்கு முன் மாமாவிடம் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனவன்தான். மேலிடத்தில் மூன்று மாதம் புரட்டிவிட்டு வெல்டர் மனைவிக்கு முழுத் தொகையும் கொடுத்தார்கள். மாமாவின் ஏஜென்சி போயிற்று. ரிடையர் ஆக எட்டு மாதம் இருக்கும்போது எனக்கு ஒரு எச்சரிக்கை மெமோ. அவனுடைய மற்ற பாலிசிக்காரர்களைக் கூப்பிட்டு உள்ளதை உள்ளபடி எழுதி வாங்கச் சொல்லியிருக்கிறார்கள், அதுவும் என் தலையில்தான். தினம் நாலு பேர் வருகிறார்கள், நாலு பேரும் ஏஜென்ட் சார் எங்கே என்கிறார்கள்.

போன வாரம் வெல்டரின் மனைவி ஆபீசுக்கு வந்தார். "ஏஜென்ட் சார் சொன்ன மாதிரியே வாங்கிக் குடுத்துட்டாரும்மா. அவரு வீடு எங்க இருக்கு, ஒரு நன்றி சொல்லணும்" என்றார். நான் ஒன்றும் விளக்கவில்லை, முகவரியை எழுதிக் கொடுத்தேன். மாமா வீட்டு அத்தை போனில் சொன்னாள், அந்த அம்மா அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாராம், மாமா உள்ளறையை விட்டு வரவே இல்லையாம். அவர் போன பிறகு, அக்காவா அனுப்பினா என்று மட்டும் கேட்டானாம். குத்திக்காட்டத்தான் அனுப்பினேன் என்று நினைத்திருப்பான். எதற்கு அனுப்பினேன் என்று எனக்கே தெரியவில்லை சின்னு, அசதியாக இருந்தது, கேட்டார், கொடுத்தேன்.

நீங்கள் மூன்று பேரும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் மறக்காதே, இந்த ஞாயிற்றுக்கிழமை மாமாவுக்குப் போன் பண்ணு. எனக்காகப் பரிந்து பேசாதே, நான் எழுதினதைப் பற்றி மூச்சு விடாதே. சாப்பிட்டீர்களா என்று கேள், குழந்தையைக் கொஞ்ச நேரம் பேச விடு. நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை. நீ கூப்பிட்டால் எடுப்பான்.

எப்போதும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா