அவருக்கும் இரண்டு இட்லி

ஞாயிறு இரவு, அண்ணனூர்.

மைசூரில் மூன்று நாள் தனியாகச் சுற்றிவிட்டு இன்று ரயிலில் திரும்பினேன். எதிர் சீட்டில் இருந்தவள், "தனியாவா வந்தீங்க?" என்று கேட்டாள். "இல்லைங்க, வீட்டுக்காரர் அடுத்த பெட்டியில இருக்காரு" என்று சொல்லிவிட்டேன். அவர் இறந்து இரண்டு வருஷமாகிறது. ஏன் அப்படிச் சொன்னேனோ.

உடனே அவள் பொட்டலத்தைப் பிரித்து, "அவருக்கும் குடுத்துட்டு வாங்க" என்று இரண்டு இட்லி தந்தாள். மறுக்க முடியவில்லை. அடுத்த பெட்டியின் கதவோரம் நின்று நானே சாப்பிட்டேன். பொடி நல்ல காரம், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

திரும்பி வந்ததும், "சாப்பிட்டாரா?" என்றாள்.

"சாப்பிட்டாரு. நல்லா இருந்துச்சாம்."

ஆவடியில் நான் இறங்கியதும் அவள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். ரயில் நகரும்வரை, பை தூக்கிக்கொண்டு போன யாரோ ஒருவர் பக்கத்திலேயே நடந்தேன்.