கதவைக் கழற்றி வைக்கும் ஊர்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் நலம் என்று அடுத்த வரி எழுத வேண்டும், அதை மட்டும் கொஞ்சம் தள்ளி வைக்கிறேன், முழுவதும் படித்துவிட்டு நீயே முடிவு செய்துகொள். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கதை அளந்துகொண்டே போய் மறந்துவிட்டால் வம்பு. பள்ளி விடுமுறைக்குக் குட்டியைக் கூட்டிக்கொண்டு இங்கே வருவதாக அப்பாவிடம் சொன்னாயே, வராதே. டிக்கெட் எடுத்திருந்தால் ரத்து செய். ஏன் என்று கேட்பாய், அதைச் சொல்லத்தான் இத்தனை பக்கமும்.

நாங்கள் முதுகில் பையை மாட்டிக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்பியபோது, "இந்த வயசுல எல்லாரும் முதுகுக்குத் தைலம் தேய்ப்பாங்க, நீங்க பையை மாட்டுறீங்களே" என்று நீ கேலி செய்தாய். அப்பாவின் ஆசை உனக்குத் தெரியாததா. அச்சகத்தில் இருந்த காலம் முழுவதும் வருடா வருடம் காலண்டர் அடித்துத் தள்ளினார், ஏரி, கல்லால் கட்டிய தேவாலயம், புகைபோக்கி வைத்த ஓட்டு வீடு, ரோஜா வேலி என்று ஒரே மாதிரி மலையூர்ப் படங்கள். அப்படி ஒரு ஊரில் போய் நிற்கவேண்டும் என்பதைத் தவிர அந்த மனிதர் வாழ்க்கையில் வேறு எதையும் கேட்டதில்லை. கடைசி வளைவில் பஸ் திரும்பி இந்த ஊர் தெரிந்ததும் அத்தனை பேர் முன்னால் என் கையைப் பிடித்துக்கொண்டு "நான் அடிச்ச படம்டி இது" என்றார், கண் கலங்கியிருந்தது. குறை சொல்லக் கூடாது, ஊர் அழகுதான். வெயில் தாங்காத வெள்ளைக்காரர்கள் மலையைப் படிப்படியாகச் சீவிக் கட்டியது, ஒரு தெருவின் கூரை மேல்தெருவின் காலடியில் இருக்கும். கிளப்பு, மணிக்கூண்டு, செத்துப்போன துரைசானிகளின் பெயர் வெட்டிய கல் பெஞ்சுகள், எல்லாம் துடைத்து வைத்தாற்போல் இருக்கின்றன. இரண்டொரு நாளில் கிளம்புவதாகத்தான் இருந்தோம். ஏரிக்கு இறங்கும் கல்படியில் என் கால் பிசகிக் கணுக்கால் பூசணிக்காயாக வீங்கிவிட்டது, அதனால் ஒரு பழைய பங்களாவில் இரண்டு அறை எடுத்துத் தங்கிவிட்டோம். வீட்டுக்கார அம்மா மாடியில் தனியாக இருக்கிறார், வாயைத் திறந்து பேசமாட்டார், டீ மட்டும் நன்றாகப் போடுவார்.

நாங்கள் வந்த அன்று முதலில் கண்ணில் பட்டது கதவுகள்தான். எந்த வீட்டிலும் நிலைச்சட்டத்தில் கதவு இல்லை, கழற்றி வெளிச்சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள், வாசலுக்கு ஒரு கம்பளிதான் திரை. அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை, "பாத்தியா, திருட்டுப் பயமே இல்லாத ஊரு" என்று போகிற வருகிற பயணிகளிடம் எல்லாம் சொல்லி மகிழ்ந்துபோனார், உன்னிடமும் போனில் சொல்லியிருப்பார். வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டதற்கு, "மழைக்கு முன்னாடி கழட்டிடுவோம், மழை முடிஞ்சதும் மாட்டிக்குவோம்" என்று மட்டும் சொன்னார். ஈரத்தில் மரம் கெட்டுப்போகும் என்பதற்காக இருக்கும் என்று நானும் விட்டுவிட்டேன். அப்புறம் நீ அப்பாவிடம் போனில், குட்டி தூக்கத்தில் எழுந்து நடக்கிறது, படுக்கிற அறைக்கு நல்ல தாழ்ப்பாள் இருக்கிறதா என்று கேட்டாய் பார், அது போதாதா அவருக்கு. வேலை இல்லாமல் நமைச்சல் எடுத்த கை. பின்னறைக் கதவைத் தூக்கி வந்து இழைப்புளி வாங்கி ஓரத்தைச் சீவி, கீலுக்கு எண்ணெய் போட்டு மாட்டி, குட்டியின் கை எட்டாத உயரத்தில் பித்தளைத் தாழ்ப்பாள் ஒன்றும் வைத்தார். வீட்டுக்கார அம்மா பார்த்துக்கொண்டே நின்று "வேணாமேங்க" என்று ஒரு தடவை சொன்னார். அப்பாவுக்குக் காதில் விழவில்லை, அச்சு இயந்திரம் தின்றது போக மிச்சம் இருக்கும் காதுதானே. எனக்கு விழுந்தது, ஆனால் சுவரில் கீறல் விழுமோ என்று கவலைப்படுகிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

என் காதைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து ஊரார் குரலை எல்லாம் கேட்டுத் தேய்ந்த காது, மாப்பிள்ளை ராங் நம்பர் என்று சொல்லி வைத்த குரலிலேயே உன் காதலைக் கண்டுபிடித்தவள் நான். இந்த வீட்டுச் சுவருக்குள் ஒரு சத்தம் இருக்கிறது. மழைநாளில் வெளியூர் லைன் போட்டால் காதில் கரகரவென்று இரையுமே, அதே போல். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது, இரைகிற லைனைப் பற்றிக் கவலைப்படாதே, கம்பி உயிரோடு இருக்கிறது, இரைந்துகொண்டிருந்தது திடீரென்று அடங்கிப்போனால்தான் எங்கோ அறுந்துவிட்டது என்று. அப்பாவிடம் சொன்னால், "பழைய வீடு, எலி ஓடும், உனக்கு எப்பவும் காதுல ஏதாச்சும் கேட்டுக்கிட்டேதான் இருக்கும்" என்பார். எலி டீயைச் சாய்க்குமா? மேஜையில் வைத்த கோப்பையில் டீ ஒரு பக்கம் ஏறி நிற்கிறது. கூடத்தில் ஆளுயரக் கடிகாரம் ஒன்று இருக்கிறது, அடிக்கடி நின்றுவிடும், வீட்டுக்கார அம்மா வந்து அதன் காலுக்கு அடியில் அட்டையை மடித்துச் செருகுவார், மறுபடி ஓடும். நாங்கள் வந்தபோது ஒரு அட்டை இருந்தது, இப்போது கட்டாக இருக்கிறது.

மேல்தெரு முடிகிற இடத்தில் பெரிய தகரத் தடுப்பு ஒன்று வைத்து, அதில் மலையும் பூவும் வானவில்லும் தீட்டியிருக்கிறார்கள். பயணிகள் எல்லாம் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள், நாங்களும் எடுத்தோம், அப்பா உனக்குத் தபாலில் அனுப்பிய படம் அதுதான். போன வாரம் கால் கொஞ்சம் தேவலை என்று கோலை ஊன்றிக்கொண்டு தனியாக அங்கே போனேன், தகரத்தில் ஆணி கழன்ற ஓட்டை ஒன்று இருந்தது, சும்மா இருக்காமல் கண்ணை வைத்துப் பார்த்தேன். அந்தப் பக்கம் தெருவே இல்லை மகளே. பாதி வீடு மட்டும் நிற்கிறது, மீதியைக் காணோம், கீழே வெறும் மேகம். நிற்கிற சுவரில் பூப்போட்ட காகிதம் ஒட்டியிருக்கிறது, கொக்கியில் யாருடைய கோட்டோ இன்னும் தொங்குகிறது.

வாசலுக்குத் தினமும் ரொட்டி கொண்டுவருகிறவர் ஒருவர் இருக்கிறார், வண்டியில் மலைக்குக் கீழேயிருந்து வந்து போகிறவர். அவரை நிறுத்தி வைத்துக் கேட்டேன். முதலில் மழுப்பினார், நான் விடவில்லை. "ரெண்டு மூணு வருசத்துக்கு முந்தின மழைல போச்சும்மா, பட்டப்பகல்லதான் போச்சு. வெளிய ஓடியிருக்கலாம், கதவுதான் திறக்கல. மண்ணு நகர்ந்தா மொதல்ல நிலை கோணிக்கும், கதவு இறுகிக்கும். அதுலருந்துதான் மழைக்குக் கதவைக் கழட்டிடுறாங்க" என்றார். எங்களிடம் ஏன் ஒருத்தரும் சொல்லவில்லை என்று கேட்டேன், "சொன்னா யாரு வருவா? யாரும் வரலைன்னா இவங்க எங்க போவாங்க?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். திருட்டுப் பயம் இல்லாத ஊராம். அப்பாவிடம் வந்து ஒன்று விடாமல் சொன்னேன், ஒரு வீடு விழுந்தால் ஊரே விழுந்துவிடுமா என்று சிரித்துவிட்டு ரோஜாச் செடிக்குக் குச்சி நடப் போய்விட்டார்.

முந்தாநாள் மதியம் அவர் பின்னறையில், குட்டி பார்க்கட்டும் என்று பழைய காலண்டர்ப் படங்களைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தார், மழைக்காற்றில் கதவு சாத்திக்கொண்டது. நான் கூடத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். சுவருக்குள் முழுத் துணியைக் கிழிப்பது போல ஒரு சத்தம், கடிகாரம் நின்றது. நொண்டிக்கொண்டே ஓடிப்போய்க் கதவைத் தள்ளினேன், அசையவில்லை. உள்ளேயிருந்து அவர், "ஏண்டி வெளிய தாழ் போட்ட, விளையாடாதே" என்கிறார். தாழ்ப்பாள் உள்பக்கம்தான் இருக்கிறது என்பதுகூட அந்த நேரத்தில் அவருக்குத் தோன்றவில்லை. இழுங்கள் இழுங்கள் என்று தொண்டை கிழியக் கத்துகிறேன், அந்தக் கனத்த மரத்தைத் தாண்டி அவருக்குக் கேட்டால்தானே. ஜன்னலுக்கோ இரும்புக் கம்பி. என் தலைக்கு மேல் நிலைக்கட்டை முனகுவது எனக்குக் கேட்கிறது, உள்ளே மனிதர் எனக்குப் பிடித்த பாட்டை முணுமுணுத்துக்கொண்டு படம் ஒட்டுகிறார், அதுவும் கேட்கிறது. வீட்டுக்கார அம்மா மாடியிலிருந்து பறந்து வந்தார். வாசல் ஆணியில் ஒரு கடப்பாரை தொங்கும், எல்லா வீட்டிலும் தொங்குகிறது, தோட்டத்துக்கு என்று நினைத்திருந்தேன். அதை எடுத்துக் கதவுச் சந்தில் கொடுத்து ஒரே நெம்பு, பழகிய கை. அப்பா பசைக்கையோடு வெளியே வந்து, "எதுக்கு அழுவுற, மழைல மரம் ஊதிப்போச்சு, அவ்வளவுதான்" என்றார். வீட்டுக்கார அம்மா கடப்பாரையை மாட்டிவிட்டு என் பக்கத்தில் வந்து, "சீக்கிரம் இவரைக் கூட்டிட்டுப் போயிடுங்கம்மா" என்றார், இத்தனை நாளில் அவராக என்னிடம் பேசியது அதுதான்.

நேற்று முழுக்க உட்கார்ந்து அந்தக் கதவை மறுபடியும் சீவி மாட்டிவிட்டார். அவருக்கு இது மானப் பிரச்சினையாகிவிட்டது. எனக்குக் கோபம் வருகிறது, அடுத்த நிமிடம் அவர் முகத்தைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது, தான் அச்சடித்த படத்துக்குள் பேத்தியைக் கூட்டி வந்து காட்டவேண்டும் என்று நிற்கிறவரிடம் என்னதான் சொல்வது. நான் சொல்லி அவர் நகரமாட்டார், அவரை விட்டுவிட்டு நானும் நகரமாட்டேன். ஆகையால் நீதான் செய்யவேண்டும். இங்கே செல்போன் எடுக்காது, பஸ் நிலையத்துக் கடைப் போன் ஒன்றுதான், அந்தப் படிகளில் என்னால் இறங்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை அவர் கூப்பிடுவார். குட்டிக்குக் காய்ச்சல், தாத்தா தாத்தா என்று அனத்துகிறாள், உடனே வாருங்கள் என்று சொல். நல்லபடியாக இருக்கிற குழந்தையை வாயால் அப்படிச் சொல்லக் கூடாதுதான், சொன்ன பிறகு அவள் தலையைத் தடவிக் கொடு, பாவம் என்னைச் சேரட்டும். சத்தமாகச் சொல், இரண்டு தடவை சொல், பாதிதான் அவர் காதில் விழும். ரிசீவரை வைத்த கையோடு என்னைத் தோளில் தூக்கிக்கொண்டாவது பஸ் ஏறிவிடுவார். நான் எழுதியது தெரியவேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை போன் வரவில்லை என்றால் நீ மேலே ஏறி வராதே. மலைக்குக் கீழே இருக்கிற ஊரில் விசாரி, மாப்பிள்ளையை அனுப்பு, குட்டியை எக்காரணம் கொண்டும் கூட்டி வராதே. மாப்பிள்ளையை உப்பைக் குறைக்கச் சொல், நீயும் வேலை வேலை என்று சாப்பிடாமல் இருக்காதே. குட்டி தூக்கத்தில் நடந்தால் நடக்கட்டும், காலில் கொலுசு போட்டுவிடு, சத்தம் கேட்டு எழுந்துகொள்ளலாம். அறையைத் தாழிடாதே. நீங்கள் மூவரும் எந்தக் குறையும் இல்லாமல் நீண்டகாலம் நன்றாக இருக்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமையை மறந்துவிடாதே.

உன் மேல் உயிரையே வைத்திருக்கும்,
அம்மா.

உறையை ஒட்டுவதற்குள் இன்னும் இரண்டு வரி. ரொட்டிக்காரர் வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறார், இதைக் கீழே கொண்டுபோய்த் தபாலில் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். மழை விடவில்லை, ஆனால் சுவருக்குள் இரைந்துகொண்டிருந்த சத்தம் இப்போதுதான் சட்டென்று அடங்கிப்போனது. அப்பா பின்னறையில் இருக்கிறார், கதவு இப்போது எவ்வளவு லேசாகச் சாத்துகிறது பார் என்று என்னைக் கூப்பிட்டுவிட்டுச் சாத்திக்கொண்டார். இங்கிருந்து கத்தினால் அவருக்குக் கேட்காது. கடிதத்தை ரொட்டிக்காரரிடம் கொடுத்துவிட்டு, கடப்பாரையை எடுத்துக்கொண்டு நானே போகிறேன்.