காற்றின் மேல் போட்ட பழி

என் அன்பு மாப்பிள்ளை சண்முகவேலுக்கு,

விசாரணை அறிக்கை வந்துவிட்டது. நம் சங்கரன்கோவிலில் நீ எழுப்பிய நாலு மாடிப் பருத்திக் கிட்டங்கி ஆடிக் காற்றில் விழுந்ததாம். உள்ளே நீயும் சுமைதூக்கிகளும் மாண்டதற்கு யாரும் பொறுப்பில்லையாம். வாசித்ததும் சுருட்டி மூலையில் எறிந்தேன். பிறகு நானே போய் எடுத்துவந்து மறுபடி வாசித்தேன்.

காற்றா? பக்கத்து வண்டிப்பேட்டையின் கூரையில் ஓர் ஓடு நழுவவில்லை. எதிரே டீக்கடைப் பந்தல் அப்படியே நின்றது. உன் கட்டடத்தை மட்டும் தேடி வந்து தள்ளிய காற்று எது, நீயே சொல்.

நம்மோடு இன்ஜினீயரிங் படித்து, இப்போது என்னோடு அரசு வேலையில் இருக்கும் ராஜாமணியும் நானும் இடிபாட்டின் ஒரு மூலையைத் தோண்டிப் பார்த்தோம். அஸ்திவாரம் கரிசலிலேயே நின்றுவிட்டிருந்தது. இன்னும் ஓர் ஆள் ஆழம் போயிருந்தால் சுக்கான் பாறை தட்டியிருக்கும். பருத்திப் பொதிகள் ஏறிய பாரத்தில் அந்த மூலை அமுங்க, தூண் விலகி, மாடிகள் அதன்மேல் சரிந்திருக்கின்றன.

விசாரணைத் தலைவரிடம் சொன்னோம். "ஆடிக் காத்துல அம்மியே பறக்கும் வே, கிட்டங்கி நிக்குமா?" என்று சிரித்தார்.

"ஒரு தடவ வந்து குழியப் பாருங்க ஐயா" என்றேன்.

"உம்ம யாரு தோண்டச் சொன்னா?"

அடுத்த வாரம் போனால், குழியை மூடிச் சரளை பரப்பியிருந்தார்கள். ராஜாமணி மண்வெட்டியைப் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

இதோடு விட்டுவிடலாம்தான். ஆனால் குருவிகுளத்தில், அதே கரிசலில், அதே ஆழத்துக்கு மாடிப் பள்ளிக்கூடத்துக்கு அஸ்திவார வானம் தோண்டுகிறார்கள்.

உன்னிடம் இதை எப்படிக் கேட்பேன்? கிட்டங்கிக்கு அந்த ஆழம் போதும் என்று கையெழுத்துப் போட்டவன் நீ. மேலிடத்துக்குப் பணிந்தாயா? மண்ணைத் தப்பாகக் கணித்தாயா? காற்று என்று எழுதியவர்கள் உன்னையும் சேர்த்துத்தான் காப்பாற்றியிருக்கிறார்கள்.

கோமதிக்குத் தெரியாமல் மறுப்பு மனு அனுப்ப மனம் வரவில்லை. உனக்கு மனைவி, எனக்குக் கூடப்பிறந்தவள். "காத்துன்னே இருக்கட்டும்ணே. செத்தவரு பேர ஏன் சந்திக்கு இழுக்கே?" என்று அழுதாள்.

"அங்கன பிள்ளைக படிக்கப் போகுது, கோமதி" என்றேன்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அவரு இருந்தா என்ன செஞ்சிருப்பாரு?" என்று கேட்டாள். அவளே பதிலும் சொன்னாள்: "இருந்தா, அவரே போய்ச் சொல்லியிருப்பாரு. எழுதுண்ணே. மறைக்காம எழுது."

எழுதினோம். உன் பெயரும் அதில் இருக்கிறது. 'ஏற்க இடமில்லை' என்று ஒரே வரியில் திருப்பிவிட்டார்கள். ராஜாமணியை எங்கோ வடக்கே மாற்றிவிட்டார்கள். குருவிகுளத்தில் வேலை நிற்கவில்லை. படித்த படிப்பெல்லாம் எதற்கு? குழிக்குள் எட்டிப் பார்த்தால் குழந்தைக்குக்கூடத் தெரியும். எட்டிப் பார்க்கத்தான் ஆளில்லை.

நாளை முதல் பஸ்ஸில் குருவிகுளம் போகிறேன். கோமதியும் வருகிறாள். பிள்ளைகளைப் பெற்றவர்களையே அந்த வானக் குழியில் இறக்கிக் காட்டப் போகிறோம். கடப்பாரை சுக்கானில் தட்டும்வரை ஒரு கல் வைக்க விடமாட்டேன். என் வேலை போனால் போகட்டும். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் பெயரைக் காப்பாற்ற முடியாத
உன் மச்சான்,
சங்கரலிங்கம்