எண்ணெய்க் கிண்ணமும் காலிக் கட்டிலும்

மார்ச் 17, செவ்வாய்

இவருக்குச் சட்டை மாட்டி, பொத்தான் போட்டு, தலை சீவி, ஊட்டிவிட்டு நிமிர்ந்தால் இடுப்பு ஒடிகிறது. பக்கவாதம் வந்ததிலிருந்து வலது கை சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. வாய்ப்பேச்சும் குழறுகிறது.

கைக்குப் பயிற்சி கொடுக்க வரும் பெண் இன்று என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆன்ட்டி, பொத்தானை அவரே போடட்டும். எல்லாத்தையும் நீங்களே செஞ்சா அந்தக் கை எப்போ கத்துக்கும்?"

"அவர் கஷ்டப்படுறதைப் பாத்துட்டு நான் சும்மா நிக்கணுமா?"

"ஆமா, நிக்கணும்."

என்ன திமிர்! கண்ணை இமை காப்பதுபோல் பார்த்துக்கொள்வது ஒரு குற்றமா?

மார்ச் 22, ஞாயிறு

ஈஸ்டர் ஆராதனையில் வேதபாடம் வாசிக்கும் முறை எனக்காம். போதகர் சொன்னார். அப்படியே, வீட்டு முன்ரூமில் இவர் நடத்திவந்த சைக்கிள் கடையைப் பற்றியும் விசாரித்தார்.

"இனிமே யாருங்கய்யா ரிப்பேர் பாக்கப்போறாங்க? எல்லாத்தையும் பழைய இரும்புக்குப் போட்டுட்டு, அந்த முன்ரூம்ல இவருக்கு ஒரு கட்டில் போட்டுடலாம்னு இருக்கேன்" என்றேன்.

பக்கத்திலிருந்த இவர் என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். வெயில் ஏறுகிறதே என்று கையைப் பிடித்துக் கூட்டிவந்துவிட்டேன்.

மார்ச் 25, புதன்

இரும்புக்கடைக்காரரிடம் பேசி முடித்தாயிற்று. ஈஸ்டருக்கு முந்தைய நாள் வண்டியோடு வருகிறார்.

ஏப்ரல் 3, பெரிய வெள்ளி

ஆராதனையிலிருந்து வந்து, ஞாயிற்றுக்கிழமைப் பாடத்தைச் சத்தமாக வாசித்துப் பழகினேன். விடியுமுன் ஆண்டவரின் கல்லறைக்குப் போன அந்தப் பெண்கள் எனக்கு ரொம்ப வேண்டியவர்கள் போலத் தோன்றியது. என்ன பொறுப்பு! முன்கூட்டியே வாசனைத் தைலம் தயார். யார் தூங்கினாலும் இவர்கள் எழுந்துவிட்டார்கள். வழியெல்லாம் ஒரே கவலை, கல்லறை வாசலை அடைத்திருக்கும் கல்லை யார் புரட்டுவது என்று. அவர் உயிரோடிருப்பார் என்று மட்டும் ஒருத்திக்கும் தோன்றவில்லை. பாசத்துக்குக் குறைவில்லை. ஆனால் பிணத்துக்குச் செய்யவேண்டியதைச் செய்யத்தான் அத்தனை பாசமும் கிளம்பிப் போயிருக்கிறது.

இதை இவரிடம் சொன்னேன். ரொம்ப நேரம் வாயைக் கூட்டிக் கூட்டி, "உன்ன மாதிரி" என்றார்.

பொறுப்பில் என்னைப்போல என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அப்படித்தானே?

ஏப்ரல் 4, சனி

இன்று மானம் போயிற்று.

இரும்புக்கடைக்காரர் வந்து பார்த்தால், இவர் கடையில் கருவிப்பெட்டியின் மேல் உட்கார்ந்திருக்கிறார். சுவரைப் பிடித்துக்கொண்டே போயிருக்கிறார். எழுந்திருக்கச் சொன்னால் அசையவில்லை.

"என்னம்மா, ஆளோட சேத்து எடை போடவா?" என்று அந்த மனிதர் சிரித்தார்.

"எந்திரிங்க, அவருக்கு நேரமாகுது" என்று தோளைத் தொட்டேன். என் கையைத் தட்டிவிட்டார். நல்ல கையால் அல்ல, அந்தக் கையால்.

"நான்... இன்னும்... சாகல."

இரும்புக்கடைக்காரர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். சமையலறைக்குள் போய் அழுதேன். முதலில் கோபத்தில்தான் அழுதேன். எத்தனை நாள் தூக்கம், எத்தனை துணி, எவ்வளவு செஞ்சேன்! அதுக்கு இதான் பதிலா? — பிறகு வேறு அழுகை வந்தது. அதைப் பற்றி எழுதத் தெரியவில்லை.

ஏப்ரல் 5, ஈஸ்டர்

விடியற்காலையில் கைக்குத் தேய்க்க எண்ணெயைச் சூடாக்கி எடுத்துக்கொண்டு போனேன். கட்டில் காலி.

குளியலறையில் இல்லை. கடையில் இல்லை. தெருவில் விழுந்து கிடக்கிறாரோ என்று தலைகூட வாராமல் ஓடினேன். கோயில் வாசலில் பாய் விரித்துக்கொண்டிருந்தவர், "அக்கா, மாமா அப்பவே வந்துட்டாரே!" என்றார்.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பொத்தான்கள் ஒரு துளை தள்ளி மாட்டியிருந்தன, கழுத்துப் பட்டை ஒருபக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. என்னைப் பார்த்துத் திருட்டுச் சிரிப்பு வேறு. அப்போதுதான் கவனித்தேன், என் கையில் இன்னும் எண்ணெய்க் கிண்ணம்.

அதை இருக்கைக்கடியில் வைத்துவிட்டுப் போய்ப் பாடம் வாசித்தேன். உயிரோடிருப்பவரை ஏன் செத்தவர்களிடையே தேடுகிறீர்கள் என்று தூதர்கள் கேட்கும் இடத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டேன். பக்தி என்று சபையார் நினைத்திருப்பார்கள். வெட்கம். அந்தப் பெண்களுக்காவது மூன்றாம் நாள் தெரிந்துவிட்டது.

ஏப்ரல் 6, திங்கள்

பழைய குருடி கதவைத் திறடி. காலையில் நானே பொத்தான் போட்டுவிட்டேன். பாதியில் நினைவு வந்து, போட்டதையெல்லாம் கழற்றிவிட்டேன். இவர் விழுந்து விழுந்து சிரித்தார். ஈஸ்டர் ஒரு நாளில் முடிகிற காரியமில்லை போலிருக்கிறது. ஆண்டவரே, இந்த அவசரக் கையை என்ன செய்வது?

ஏப்ரல் 10, வெள்ளி

பக்கத்து வீட்டு ஆசிரியையின் சைக்கிளுக்குக் காற்றடித்தார். அரைமணி நேரம் ஆயிற்று. அந்த அம்மாள் பொறுமையாக நின்றாள். நான்தான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

ஏப்ரல் 16, வியாழன்

எனக்குக் காய்ச்சல். படுத்தே எழுதுகிறேன்.

மத்தியானம் நாக்கு வறண்டு முனகியிருக்கிறேன் போலும். சமையலறையில் ஏதோ உருண்டது. எழப்போனேன். "படு" என்று அங்கிருந்தே ஒரு அதட்டல். பிறகு தண்ணீர் டம்ளரோடு வந்தார், அந்தக் கையில். வழியெல்லாம் சிந்தியிருந்தது. வாசற்படியருகே ஒரு குளமே கிடந்தது.

டம்ளரில் பாதிதான் இருந்தது. வாங்கி, படுத்தபடியே குடித்தேன். தரையைத் துடைக்க எழவில்லை.