திகனவுக்கு ஒரு துஆ

2018 மார்ச் 9, வெள்ளி

ஊரடங்கில் மௌலவி வர முடியாததால் வெள்ளித் தொழுகையின் குத்பா உரையை என்னிடம் விட்டார்கள். கொடுங்கோல் மன்னன் ஃபிர்அவ்னை மூஸா நபி எதிர்த்து நின்றதைச் சொல்ல நினைத்திருந்தேன். பள்ளிவாசல் முன்னே இராணுவம். பள்ளித் தலைவர் காதருகே குனிந்தார். "மாஸ்டர், ஃபிர்அவ்ன் இன்டைக்கு வாணாம். பொறுமையப் பத்திப் பேசுங்க."

பேசினேன். பலஸ்தீனத்துக்காக வழக்கம்போல உரக்க துஆ கேட்டேன், ஆமீன் அதிர்ந்தது. இந்த வாரம் நம்மவர்கள் மேல் நடந்த கலவரத்தில் திகனவில் கடைகள் எரிந்தவர்களுக்காகக் கேட்கும்போது மட்டும் மைக்கிலிருந்து முகத்தை விலக்கிக்கொண்டேன். அவர்களில் ஒருவரான என் மருமகன் முன்வரிசையில் இருந்தார்.

வெளியே வந்ததும் சிரித்துக்கொண்டே சொன்னார்: "நாங்களும் பலஸ்தீன்ல பொறந்திருக்கோணும், மாமா."

நானும் சிரித்து வைத்தேன்.

இப்போது அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அந்த துஆவை உரக்கக் கேட்டுப் பார்த்தேன். திகன என்ற பெயர் வந்ததும் இங்கேயும் குரல் இறங்கிவிடுகிறது.