சுறாத்திட்டின் இரண்டு சென்டிமீட்டர்

2 ஜூன் 2083, 11:15
கடல் ஏற்றத்தின் உச்சத்தில் நீருக்கு மேல் நிலம்: 14 செ.மீ. தென்மேற்குக் காற்று. குடிநீர் இயந்திரம் ஓடுகிறது.
இதைக் கண்டெடுப்பவருக்கு: நான் ஜெனோவா மோத்தா, கடல் அளவையாளர். ஏற்றத்திலும் நிலம் தெரிந்து, அதில் மனிதர் வாழ்ந்தால்தான் சட்டப்படி இந்தச் சுறாத்திட்டு தீவு. தீவென்றால் சுற்றியுள்ள இருநூறு கடல்மைல் மீன் நமக்கு. ஒன்பதாம் தேதி சர்வதேச நீதிமன்றம் எல்லையை நிரந்தரமாக வரையும். பிறகு நிலமே மூழ்கினாலும் எல்லை நகராது. அதுவரை நான் இங்கே, தூண்கள் மேல் நிற்கும் இந்த நிலையத்தில், தனியாக வாழ வேண்டும்.

4 ஜூன், 12:20
6 செ.மீ. அளவுகளைச் சத்தமாகப் படிக்கிறேன், ஒரு மனிதக் குரலாவது கேட்கட்டும் என்று.

6 ஜூன், 13:40
நிலம் இல்லை. முழங்கால் வரை தண்ணீர். மேகமூட்டம், நீதிமன்றத்துக்காகக் கண்காணிக்கும் செயற்கைக்கோளுக்கு எதுவும் தெரியாது. கரை அலுவலகத்திலிருந்து கொரேரா சார் ரேடியோவில் பேசினார்:
"ரெண்டு சென்டிமீட்டர்னு போடுங்கம்மா. இல்லன்னா நாப்பது ஊர் சனத்துக்கு வலை போட எடமில்ல. ஒங்க தம்பிக்கும்தான்."
இரண்டு என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

7 ஜூன், 14:20
நிலையத்தின் தூண் ஒன்று சாய்ந்தது. கொரேரா சாரிடம் படகு கேட்டேன்.
"படகு அனுப்புனா தீவு முங்கிட்டுன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாரி ஆயிரும். நெலம் இருக்குன்னு நீங்கதானம்மா எழுதுனீங்க? ரெண்டு நாள் பொறுங்க."
சாய்ந்த தூணைக் கயிற்றால் இழுத்துக் கட்டினேன்.

8 ஜூன், 15:00
குடிநீர் இயந்திரம் நின்றுவிட்டது. தம்பி அருளப்பன் எப்படியோ ரேடியோவில் பிடித்துவிட்டான்.
"அக்கா, நான் வாரேன். யாரு தடுத்தாலும் வாரேன்."
"வராதடா. ஒன் படகப் பாத்தா கேஸு போயிரும்."
அவன் அழுதான். வா என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

9 ஜூன், 13:10
"செயிச்சிட்டோம்மா! கடல் நம்மளுதுதான். படகு கெளம்பிட்டு, ஆறு மணி நேரத்துல வந்துரும்."
கொரேரா சாருக்குப் பின்னால் பலர் கைதட்டுவது கேட்டது. நானும் ஒருமுறை தட்டிப் பார்த்தேன்.

9 ஜூன், 16:05
இரண்டாவது தூணும் போய்விட்டது. கூரையில் இருக்கிறேன். ரேடியோ நனைந்து செத்துவிட்டது.

16:30
ஆறாம் தேதி அளவு பொய். என் கையால் எழுதியது. நோட்டைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி மிதவையில் கட்டப்போகிறேன். அருளப்பா, இது உன் கையில் கிடைத்தால் நீதிமன்றத்துக்குக் கொடுப்பதா, கிழித்துக் கடலில் போடுவதா, நீயே